‘நோட்டட்’னா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமா?

நொய்யல்காரன்:
"இந்தியன் சப்ளையர் யெஸ் சொன்னா நோன்னு எடுத்துக்கணும், வெள்ளைக்காரன் சொன்னா சொன்னதுதான்"னு நேத்து ஹாம்பர்க்வாசி எழுதியிருந்தாரு. அதுக்கு இத்தனை லைக் வேற. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சுங்க. திருப்பூர்ல 19 வருசமா எக்ஸ்போர்ட்ல இருக்கறேன். எங்க கதையைக் கேட்டுட்டு அப்பறம் பேசுங்க.

போன டிசம்பர். ஜெர்மனி பையர். நேவி ஷேட் ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆகி, மூணாவது லேப் டிப் (சாயம் சரியான்னு பாக்க அனுப்பற துணி சாம்பிள்) அப்பத்தான் அப்ரூவல். வீடியோ கால்ல பையிங் மேடம், ஜனவரி 18 எக்ஸ் ஃபேக்டரி, அதாவது சரக்கு எங்க ஃபேக்டரியை விட்டுக் கிளம்பறது, முடியுமான்னு கேட்டாங்க. எங்க மெர்ச்சண்டைசர் பையன் (பையர்கிட்ட பேசி ஆர்டரைப் பாத்துக்கறவன்), "பொங்கல் வருது மேடம், டெய்லருங்க ஊருக்குப் போயிருவாங்க, வில் ட்ரை"ன்னான். அன்னைக்கு ராத்திரியே மினிட்ஸ் (கால்ல பேசினதோட குறிப்பு) வருது, ஜனவரி 18 கன்ஃபர்ம்டுன்னு! பையன் "நோட்டட் வித் தேங்க்ஸ்"னு பதில் போட்டான். சரக்கு ரெடியானது 27ந் தேதி. தூத்துக்குடில கப்பல் ஏற வேண்டியது எங்க காசுல ஃப்ளைட் ஏறிருச்சு. இதுல சொல்லு மாறுனது யாருங்க?

ஹாம்பர்க்வாசி:
மினிட்ஸ்ல தேதி இருந்தது. நீங்க நோட்டட் போட்டீங்க. முடிஞ்சுபோச்சு. இதுக்கு எதுக்கு தனி இழை?

நொய்யல்காரன்:
நோட்டட்னா படிச்சேன்னு அர்த்தம். ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமில்லீங்க.

ஹாம்பர்க்வாசி:
மினிட்ஸ் அனுப்பறதே தப்பிருந்தா திருத்தத்தான். திருத்தலைன்னா சரின்னுதான் இங்க எடுத்துப்பாங்க. "18 முடியாது, 27தான்"னு ஒரு வரி போட்டிருந்தா மேடம் கோவிச்சிருக்கவே மாட்டாங்க. கப்பல் புக்கிங்கை மாத்தியிருப்பாங்க.

நொய்யல்காரன்:
புக்கிங்கை மாத்துவாங்களா, ஆர்டரையே பங்களாதேசுக்கு மாத்துவாங்களா? ஏசி ரூம்ல உக்காந்து சொல்றது சுலபமுங்க.

சிறுசேரி பல்லி:
ப்ரோ, நேரா பேசறதெல்லாம் ஜெர்மன்காரன், டச்சுக்காரனோட நிறுத்திக்கோங்க. எங்க லண்டன் க்ளையன்ட் "வெரி இன்ட்ரஸ்டிங்"னு சொன்னா அந்த ப்ரொபோசல் குப்பைக்குப் போகுதுன்னு அர்த்தம். இது தெரியாம ரெண்டு வாரம் எஸ்டிமேஷன் போட்டவன் நான். மேற்குன்னு பொத்தாம்பொதுவா சொல்றீங்களே, அது எந்த ஊரு?

நொய்யல்காரன்:
எந்த ஊரா இருந்தாலும் நோட்டட்னா படிச்சேன்தான்.

டேட்டா தம்பி:
இதெல்லாம் ஆராய்ஞ்சு முடிச்ச விஷயம். ஹாஃப்ஸ்டெட்னு ஒரு டச்சு ஆய்வாளர் 1967ல இருந்து 1973 வரைக்கும் பல நாட்டு ஐபிஎம் ஊழியர்கள்கிட்ட எடுத்த சர்வே இருக்கு. அதிகார இடைவெளில, அதாவது மேல இருக்கறவன் கீழ இருக்கறவன் வித்தியாசத்தை ஜனங்க எவ்வளவு ஏத்துக்கறாங்கங்கறதுல, இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. மேல இருக்கறவங்க முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல நமக்கு வராது. பையன் மேல தப்பில்ல.

நொய்யல்காரன்:
ஐபிஎம்ல பனியன் தச்சாங்களா தம்பி?

டேட்டா தம்பி:
இதுக்குத்தான் உங்ககிட்ட பேசறதில்ல. தீபாவளி போனஸ் இழையிலயும் இப்படித்தான் பண்ணீங்க.

நொய்யல்காரன்:
போனஸ் கொடுக்கறவனுக்குத் தெரியும், எக்செல் பாக்கறவனுக்குத் தெரியாதுன்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன்.

மெர்ச்சி அக்கா:
நான் 11 வருசம் மெர்ச்சண்டைசரா இருந்தவ. ஒண்ணு கேக்கறேன் அண்ணா. அந்த கால்ல நீங்க இருந்தீங்களா?

நொய்யல்காரன்:
பக்கத்துலயே இருந்தேன். மியூட்ல.

மெர்ச்சி அக்கா:
அப்ப மியூட்டை எடுத்து நீங்க சொல்லியிருக்கலாமே? முதலாளி பக்கத்துல உக்காந்து முறைச்சுட்டு இருக்கும்போது எந்தப் பையன் "முடியாது மேடம்"னு சொல்வான்? நான் ஒரே ஒரு தடவை சொன்னேன், ரிப் துணி வர்றதுக்கே நாலு நாள் லேட்டாகும்னு. அந்த இத்தாலிக்கார அம்மா தேங்க்யூன்னாங்க. கால் கட் ஆனதும் எங்க எம்.டி. டேபிள்ல இருந்த, பட்டன் லேபிள் எல்லாம் ஒட்டின ட்ரிம் கார்டை எடுத்து வீசினாரு. அதுக்கப்பறம் ரிசைன் பண்ற வரைக்கும் நானும் "நோட்டட்"தான் போட்டேன். பயத்துல.

ஹாம்பர்க்வாசி:
அதேதான் நானும் சொல்றேன்.

மெர்ச்சி அக்கா:
நீங்க சொன்னது அது இல்ல சார். உங்க பக்கத்து ஆளுங்க மட்டும் யோக்கியமா? "சாம்பிள் அருமையா இருக்கு"ன்னு மூணு மெயில் வரும், நாலாவது மெயில்ல பீஸுக்கு 20 சென்ட் குறைன்னு வரும்.

நொய்யல்காரன்:
அப்படிக் கேளுங்க அக்கா! 2020 மார்ச்ல ஐரோப்பாவுல கடையெல்லாம் மூடினதும், தச்சு அயர்ன் பண்ணி பெட்டில போட்ட சரக்கையே எத்தனை பையர் வேண்டாம்னாங்க! அப்ப எங்க போச்சு சொன்ன சொல்லு?

ஹாம்பர்க்வாசி:
அது கொரோனா. பல கான்ட்ராக்ட்ல ஃபோர்ஸ் மஜூர்னு, கைமீறின விபரீதம் வந்தா விலக்குன்னு, ஒரு பிரிவு இருக்கும். அதையும் நீங்க படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பீங்க.

நொய்யல்காரன்:
அவனுக்கு கொரோனான்னா விதி. எனக்குப் பொங்கல்னா சாக்கு. நல்லாருக்குதுங்க உங்க நியாயம். ஆகஸ்ட்ல அந்த மேடத்துக்கு மெயில் போட்டா மூணு வாரம் லீவுன்னு ஆட்டோ ரிப்ளை வருது. அதை நாங்க அனுசரிச்சுக்கறோம். பொங்கலுக்கு நாலு நாள் அவங்களுக்குப் புரியாதா?

ஹாம்பர்க்வாசி:
ஆகஸ்ட் லீவை முன்னாடியே சொல்லிட்டுத்தான் போறாங்க. உங்க பொங்கல் எப்ப வருதுன்னு நீங்க காலண்டர் அனுப்புனீங்களா? வருசாவருசம் ஜனவரி நடுவுலதானே வருது, திடீர்னு வர்ற விருந்தாளியா?

சிறுசேரி பல்லி:
இது நல்ல அடி.

நொய்யல்காரன்:
பல்லி, நீங்க எந்தப் பக்கம்?

சிறுசேரி பல்லி:
ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்டாண்டப் மீட்டிங் வெச்சு "குட் மார்னிங் டீம்"னு சொல்றான் பாருங்க எங்க கலிஃபோர்னியா மேனேஜர், அவனுக்கு எதிர்ப்பக்கம். நவம்பர்ல அவன் கடிகாரத்தை மாத்துவான், நம்ம மீட்டிங் பத்தரைக்குப் போகும். நம்ம கடிகாரத்தை மாத்தினது யாரு?

டேட்டா தம்பி:
அந்த மேனேஜர் பேரை இங்க போட்டு மாட்டிக்காதீங்க. போன தடவை நான்தான் டெலிட் பண்ணச் சொன்னேன், அதுக்கும் என்னைத் திட்டினீங்க.

சிறுசேரி பல்லி:
நீ மாடரேட்டரா ப்ரோ?

நொய்யல்காரன்:
விசயத்துக்கு வாங்க. நோட்டட்னா ஒத்துக்கிட்டேன்னு எந்த அகராதில இருக்குது? எங்க அப்பாரு கிட்ட யாராச்சும் கடன் கேட்டா "பாக்கலாம்"பாரு. கேட்டவன் பேசாம எந்திரிச்சுப் போயிருவான், பாக்கலாம்னா இல்லைன்னு புரிஞ்சிருச்சு. மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லைன்னு சொல்றது எங்க பக்கம் மரியாதை கிடையாதுங்க.

ஹாம்பர்க்வாசி:
ஹாம்பர்க்ல உக்காந்திருக்கற அம்மாவுக்கு உங்க அப்பாரைத் தெரியாதே.

நொய்யல்காரன்:
அப்பாருங்களை இழுக்க வேண்டாம்.

ஹாம்பர்க்வாசி:
இழுத்தது நீங்கதான்!

மெர்ச்சி அக்கா:
அண்ணா, ஃப்ளைட் காசுல பையன் சம்பளத்துல எவ்வளவு புடிச்சீங்க? அதை மட்டும் சொல்லவே இல்லையே.

நொய்யல்காரன்:
அது கம்பெனி விசயமுங்க. இங்க பேச்சு நோட்டட் பத்தி.

ஹாம்பர்க்வாசி:
சரி, அந்த மெயிலைப் போடுங்க. நோட்டட் மட்டும்தான் இருந்ததா, "நோட்டட் அண்ட் கன்ஃபர்ம்டு"னு இருந்ததான்னு எல்லாரும் பாப்போம். நேத்து என் பதிவுக்குக் கீழயும் இதையே கேட்டேன்.

நொய்யல்காரன்:
போடறேன். இப்ப கன்டெய்னர் லோடிங் நடந்துட்டு இருக்குது, பேக்கிங் லிஸ்ட் நானே பாக்கணும். ராத்திரி போடறேன்.

ஹாம்பர்க்வாசி:
எந்த ஊர் ராத்திரி? எத்தனை மணிக்கு?

நொய்யல்காரன்:
போடறேன்னு சொன்னா போடுவனுங்க.