கோட்டை அமீர் பதக்கமா, கபீர் புரஸ்காரா? எதற்கு விண்ணப்பிப்பது?

வைகைக்கரை:
ஊர்ப் பெரியவர் ஒருவரின் பெயரை மத நல்லிணக்க விருதுக்கு அனுப்பலாம் என்று தெருக்காரர்கள் முடிவு செய்திருக்கிறோம். மாரியம்மன் ஊர்வலமும் சந்தனக்கூடும் சில வருஷம் ஒரே வாரத்தில் வந்துவிடும். பாதைத் தகராறு எழும்போதெல்லாம் இரண்டு பக்கமும் பேசி முடித்துவைப்பவர் அவர்தான். ஒருமுறை கல்லெறி நடந்தபோது எதிர்த் தெருக் குடும்பத்தைத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியிருக்கிறார். கோட்டை அமீர், கபீர் புரஸ்கார், அண்ணா பதக்கம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது பொருந்தும்? என்னென்ன காகிதம் வேண்டும்? அவர் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், அது தடையாகுமா?

மனுக்கட்டு:
அண்ணா பதக்கத்தை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். அது வீரதீரச் செயலுக்கானது. வெள்ளத்தில் போனவரை மீட்டது, தீயில் இறங்கியது போன்றவை அதில் வரும். மற்ற இரண்டில்தான் குழப்பம்.

கோட்டை அமீர் பதக்கம் 2000ஆம் ஆண்டிலிருந்து தரப்படுகிறது. கோவைக் கோட்டைமேட்டில் நல்லிணக்கத்துக்காக நின்று உயிரை விட்டவரின் பெயர் அது. குடியரசு தினத்தன்று சென்னையில் முதலமைச்சர் கையால் பதக்கம், 25,000 ரூபாய் காசோலை, தகுதியுரை. ஆற்றிவந்த தொண்டைப் பார்த்துத் தருவது.

கபீர் புரஸ்காரும் அதே மேடையில்தான் தரப்படுகிறது. 20,000, 10,000, 5,000 ரூபாய் என்று மூன்று நிலை. ஆனால் அளவுகோல் வேறு. வகுப்புக் கலவரத்தின்போதோ தொடரும் வன்முறையிலோ ஒரு சாதி, இன, வகுப்பைச் சேர்ந்தவர் பிற வகுப்பைச் சேர்ந்தவரையோ அவர்கள் உடைமையையோ காப்பாற்றியது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். அதாவது, ஒரு நாள், ஓர் இடம், காப்பாற்றப்பட்ட ஆள்.

உங்கள் பெரியவருக்கு இரண்டு பக்கமும் விஷயம் இருக்கிறது. அதுதான் ஆபத்தும். பாதைத் தகராறு, கல்லெறி இரண்டையும் ஒரே மனுவில் கலந்து கொட்டினால் எதற்குமே அழுத்தம் இருக்காது. கல்லெறிக்கு அன்றைய தேதியோடு காவல்துறைப் பதிவு இருந்தால் கபீருக்குப் போங்கள். இல்லையென்றால் பேச்சுவார்த்தைகளை முன்னால் வைத்துக் கோட்டை அமீர். கல்லெறிச் சம்பவம் அதில் ஒரு பத்தி.

ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதால் தயங்க வேண்டாம். படைவீரர், காவலர், தீயணைப்புத் துறையினர், அரசுப் பணியாளர் நீங்கலாக என்று கபீர் விதியில் வருவது, காப்பாற்றியது அவர்களுடைய பணியின் பகுதியாக இருந்தால் என்பதற்காக. கலவரத்தில் கதவைத் திறந்துவிடுவது ஆசிரியர் வேலையில் சேராது. ஆனாலும் எந்த ஆண்டு ஓய்வு, சம்பவம் எந்த ஆண்டு என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

தாலுகா_வாசல்:
விண்ணப்பம் தமிழ்நாடு அரசின் விருதுகள் இணையதளத்தில். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 15ஐ ஒட்டி இருக்கும். மாவட்ட ஆட்சியர் செய்திக்குறிப்பில் அந்த ஆண்டின் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி பார்த்து வேலையைத் தொடங்கினால் தாமதம். அக்டோபரிலேயே காகிதம் சேருங்கள்.

பலர் சறுக்குவது எழுத்தில். இப்படி ஒரு வரி எழுதுவார்கள்: "சாதி மத பேதமின்றி அயராது உழைக்கும் அன்புச் செம்மல்." யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம், அதனால் யாருக்கும் ஒட்டாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "ஊர்வலம் பள்ளிவாசல் தெருவைக் கடக்கும் நேரம் குறித்த தகராறில், கோட்டாட்சியர் கூட்டிய அமைதிக் குழுவில் இரு தரப்பையும் உட்காரவைத்து, மக்ரிப் தொழுகை முடிந்து அரைமணி கழித்தே மேளம் அந்தத் தெருவுக்குள் வரும் என்று ஒப்பவைத்தார். அடுத்த மூன்று திருவிழாவும் அந்த நேரப்படியே நடந்தன." தேதியும் பெயரும் உங்கள் ஊருக்கானதைப் போடுங்கள்.

அமைதிக் குழுக் கூட்டம் என்றால் நடவடிக்கைக் குறிப்பு எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டிருப்பார்கள். அதன் நகல்தான் உங்கள் கையில் இருக்கக்கூடிய பெரிய சாட்சி. வருவாய் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு, அதனால்தான் அக்டோபர் என்றேன்.

கடிதங்கள் நான்கைந்து போதும். பெரியவர் எந்த மதமோ அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து வருவதற்குத்தான் மதிப்பு. அவர் இந்து என்றால் ஜமாஅத் கடிதம் முதலில், கோயில் கமிட்டி கடிதம் கடைசியில். ஒரே வாசகத்தை நகலெடுத்து ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்குவது உதவாது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். கட்சி லெட்டர்பேட் வேண்டவே வேண்டாம். பத்திரிகைச் செய்தியை வெட்டும்போது நாளிதழ் பெயர், தேதி இருக்கிற மேல்பட்டையோடு ஸ்கேன் செய்யுங்கள். தேதி இல்லாத துண்டு வெறும் காகிதம்.

ரத்ததான முகாம், அன்னதானம், நோட்டுப் புத்தகம் கொடுத்தது எல்லாம் நல்ல காரியம்தான். இந்த மனுவில் ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள். இது சமூக சேவை விருது இல்லை.

குறிப்பேடு:
ஒரு சேர்க்கை. 2024இல் கோட்டை அமீர் பதக்கம் முகமது சுபைருக்குப் போனது. வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய வீடியோக்கள் இங்கே எடுக்கப்பட்டவை அல்ல என்று காட்டியவர். அந்தத் தேர்வைப் பற்றிச் சண்டை போட இது இடமில்லை. கவனிக்க வேண்டியது, அவரை அறிவிக்கும்போது அரசு இந்த ஒரு காரியத்தைத்தான் எடுத்துச் சொன்னது. உங்கள் மனுவிலும் அப்படி ஒன்று முதல் பத்தியிலேயே துருத்திக்கொண்டு நிற்கட்டும்.

வைகைக்கரை:
நன்றி. கல்லெறிக்கு எஃப்ஐஆர் இருப்பதாகச் சொல்கிறார்கள், தேடுகிறோம். தெருவில் ஒரு தம்பி, "நேரா நோபலுக்கே அனுப்பலாம்ணே" என்கிறான். பாதி கிண்டல்தான். ஆனாலும் வெளிநாட்டு விருதுகளுக்கு வழி உண்டா?

குறிப்பேடு:
அமைதி நோபலுக்கு யார் வேண்டுமானாலும் எழுத முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர், வரலாறு, சட்டம், தத்துவம், இறையியல் போன்ற துறைகளின் பல்கலைக்கழகப் பேராசிரியர், முன்பு பரிசு பெற்றவர் என்று தகுதிப் பட்டியல் இருக்கிறது. கெடு ஜனவரி 31. தனக்குத் தானே பரிந்துரைக்க முடியாது. பரிந்துரைப் பெயர்களை நோபல் குழு 50 ஆண்டு வெளியிடாது. ஆகவே "நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்" என்று யாராவது பிளக்ஸ் வைத்தால் அது பரிந்துரைத்தவர் சொன்ன சேதி மட்டுமே.

மதங்களுக்கிடையே அமைதிக்கு என்றே இருப்பது ஜப்பானின் நிவானோ பரிசு. இலங்கை சர்வோதய இயக்கத்தின் ஆரியரத்ன 1992இல் பெற்றார், 2023இல் நிலமற்றவர்களின் உரிமைக்காக அறவழியில் போராடும் ஏக்தா பரிஷத் இயக்கத்தின் பி.வி. ராஜகோபால். இயக்கம் கட்டி எழுப்பியவர்களுக்கான இடம் அது. தெருவில் நின்று தகராறு தீர்ப்பவருக்குக் கோட்டை அமீர்தான் சரி.

மனுக்கட்டு:
முக்கியமானதை விட்டுவிட்டேன். முதலில் அந்தப் பெரியவரிடம் சம்மதம் கேட்டீர்களா? நடுவில் நின்று பேசுகிறவர் கழுத்தில் மாலை விழுந்தால் "அவர் அந்தப் பக்கத்து ஆள்" என்று ஒரு தரப்பு பேச ஆரம்பிக்கலாம். அடுத்த வருஷத் திருவிழாவில் அவர் சொல் எடுபடாமல் போகும். அதற்காகத்தான் இரு தரப்புக் கடிதங்களும், விண்ணப்பத்தில் இரு தரப்புக் கையெழுத்துகளும்.

காப்பாற்றப்பட்ட குடும்பத்தின் அனுமதியும் வேண்டும், எழுத்தில். மனுவில் அவர்கள் பெயர் இருக்கலாம். வாழ்த்து பேனரிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ வேண்டாம். வழக்கு முடியவில்லையென்றால் அவர்கள் சாட்சிகள். இணைக்கப்போகும் போட்டோவில் அவர்கள் கடைப் பலகை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் ஊருக்குள் அனுப்பும் பிரதியில் அதை வெட்டிவிடுங்கள்.