அம்மாக்கு இதயத்துல சத்தம்னு சொன்னாங்க, வேலைக்கு போற நாள்ல மூத்திர மாத்திரைய விடுறாங்க. என்ன செய்யலாம்?

தலவாக்கல மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாக்கு ஐம்பது தாண்டிருச்சு, இன்னும் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து பறிக்க போறாங்க, நான் கொழும்புல வேலை. கொஞ்ச நாளாவே ஏத்தத்துல நின்னு நின்னு தான் ஏறுறாங்க, மூச்சு வாங்குது, லயத்துல எல்லாரும் இது பனிக்கு வர்ற வீசிங்னு சொல்லி பம்ப் அடிக்க சொன்னாங்க, அதுல ஒன்னும் கொறயல. ராவைக்கு நேரா படுத்தா இருமல் வந்துருது, தலகாணிக்கு மேல பெட்ஷீட்ட சுருட்டி வச்சு சாஞ்சமாதிரியே தூங்குறாங்க. சாயங்காலம் செருப்ப கழட்டுனா வார் பதிஞ்ச தடம் கால்ல ரொம்ப நேரத்துக்கு அப்புடியே நிக்குது.

கிளினிக்ல டொக்டர் நெஞ்சுல வச்சு கேட்டுட்டு, இதயத்துல சத்தம் இருக்கு, வால்வு பிரச்சினையா இருக்கலாம், இதயம் பலவீனமாகி உடம்புல தண்ணி சேருதுன்னு சொல்லி எக்கோ (இதயத்த ஸ்கேன் பண்ணி பாக்குறது) எடுக்க துண்டு குடுத்திருக்காரு. திகதி கிடைக்க இன்னும் கொஞ்ச நாள் போகும். சின்ன வயசுல காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கி படுத்த படுக்கையா கெடந்தாங்களாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

பெரிய பிரச்சினை தண்ணி எறங்க குடுத்த மூத்திர மாத்திரை தான். அத குடிச்சா அடிக்கடி போகணும், மலைல கக்கூஸ் எங்க இருக்கு, அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டிருந்தா கூடை நெறயாது, அரைப் பேர், அதான் அரை நாள் சம்பளம் தான் விழும்னு சொல்லி வேலை நாள்ல அந்த மாத்திரைய குடிக்கிறதே இல்ல. ஏசவும் மனசு வரல.

நர்ஸ் அக்கா:
தங்கச்சி, அம்மாவ ஏசாதீங்க. வார்டுல மூச்சு முட்டி வந்து சேர்ற எத்தனையோ தோட்டத்து அம்மாமார் இதே காரணத்த தான் சொல்றாங்க, மலைல கக்கூஸ் இல்லாதது அவங்க குத்தமா? ஆனா மாத்திரைய விட்டா தண்ணி திரும்ப நுரையீரல்ல சேர்ந்துரும், அதனால விடுறதுக்கு பதிலா நேரத்த மாத்துங்க. ஃபுரோசமைட்ங்கிற மூத்திர மாத்திரைய குடிச்சு அர மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துல வேலை செய்ய தொடங்கும், முதல் ரெண்டு மூனு மணித்தியாலம் தான் கடுமையா போகும், அஞ்சாறு மணித்தியாலத்துல அடங்கிரும். அம்மா எப்புடியும் விடிய நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுடுறவங்க தானே, எழும்புனதும் குடிச்சா பெரட்டுக்கு (காலைல வேலைக்கு பேர் குடுக்குற எடத்துக்கு) போறதுக்குள்ள பெரும்பகுதி போய்ரும். அது சரிவராட்டி வேலை முடிஞ்சு வந்ததும் குடிக்கலாம், ஆனா ராத்தூக்கம் கெடாத அளவுக்கு நேரத்தோட குடிக்கணும். இத கிளினிக்ல வாய் விட்டு சொல்லுங்க, டொக்டரே நேரத்த மாத்தி கொப்பில எழுதி குடுப்பாரு, இது வெக்கப்படுற விஷயமே இல்ல.

முட்டி வீங்குன காய்ச்சலுக்கு சம்பந்தம் இருக்கலாம். தொண்டைல வர்ற ஒரு கிருமிக்கு பிறகு ரெண்டு மூனு கிழமைல ருமாட்டிக் காய்ச்சல் வரும், அது மூட்டுல வந்து போய்ரும், வால்வுல தழும்பு நின்னுரும். பல வருஷம் கழிச்சு இதயத்தோட இடது பக்கத்துல இருக்குற மைட்ரல் வால்வு சுருங்கி இப்புடி மூச்சு வாங்கும். இந்த பழைய கதைய டொக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க, ருமாட்டிக்னு உறுதியானா 3 அல்லது 4 கிழமைக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி போடணுமா, எவ்வளவு காலத்துக்குன்னு அவர் தான் முடிவு பண்ணுவாரு. சத்தம் கேட்டாலே வால்வு பழுதுன்னும் இல்ல, ரத்தம் கொறஞ்சாலும், தைரொய்ட் கூடுனாலும், புள்ள உண்டான நேரத்துலயும் கேக்கும். அதனால தான் எக்கோ. அதுல எந்த வால்வு, சுருக்கமா கசிவா, இதயம் பம்ப் பண்ற அளவு எத்தனை சதவீதம்னு தெரியும், 50க்கு மேலனா பரவால்ல, 40 அல்லது அதுக்கு கீழனா பலவீனம்னு வச்சிக்கலாம். பம்ப் அளவு நல்லா இருந்தும் தண்ணி சேர்றவங்களும் இருக்காங்க, அதனால நம்பர மட்டும் பாக்காதீங்க.

அதுக்குள்ள உக்காந்திருந்தாலே மூச்சு முட்டுறது, நுரையா ரோஸ் கலர்ல சளி, நெஞ்சு வலி, மயக்கம், வாய் கோணுறது, கை கால் ஒரு பக்கம் விழுறது இதுல எதாவது ஒன்னு வந்தா எக்கோ திகதிய பாத்துக்கிட்டு இருக்காம உடனே 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் இலவசம். வர்ற வரைக்கும் படுக்க வைக்காம கால தொங்க விட்டு உக்கார வைங்க, மயங்கி விழுந்திருந்தா மட்டும் ஒருக்களிச்சு படுக்க வைக்கணும்.

கொட்டகலை தம்பி:
எங்க அப்பாக்கும் வால்வு வருத்தம் தான். சாப்பாட்டுல தான் நாங்க ரொம்ப கஷ்டப்பட்டோம். வீட்டுல கருவாடும் கட்ட சம்பலும் இல்லாட்டி ரொட்டி எறங்காது, ரெண்டுலயும் உப்பு தானே. இப்ப ரொட்டி மாவுக்கு உப்பு போடுறதில்ல, சம்பல்ல தேசிக்காயும் வெங்காயமும் கூட, உப்பு கொஞ்சம், கருவாடு எப்பவாவது. ஒரு நாளைக்கு எல்லாமா ஒரு தேக்கரண்டிக்கு மேல உப்பு போகக்கூடாதுன்னு சொன்னாங்க.

அப்பறம் காலைல மூத்திரம் போய்ட்டு சாப்பிட முன்ன நிறை பாத்து கலண்டர்ல எழுதுங்க அக்கா. 3 நாள்ல 2 கிலோக்கு மேல ஏறுனா அது சதை இல்ல தண்ணி, உடனே கிளினிக்குக்கு போகணும். இடுப்பு வலின்னு பாமசில டைக்லோஃபெனக், புரூஃபென் வாங்கி போடாதீங்க, அது தண்ணிய பிடிச்சு வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெத்தல போட்டு பல்லு கெட்டிருந்தா அதயும் பாருங்க, பல்லு புடுங்க போறப்ப வால்வு வருத்தம் இருக்குன்னு முன்னுக்கே சொல்லணும். செவ்விளநீர் உடம்புக்கு நல்லதுன்னு குடிக்க குடுப்பாங்க, சில இதய மாத்திரையோட பொட்டாசியம் கூடிரும், கேட்டுட்டு குடுங்க.

தலவாக்கல மகள்:
ரொம்ப நன்றி. இப்ப தான் அம்மாவோட கதைச்சேன், நாலு மணிக்கு குடிக்கிறேன்னு சொல்லிருக்காங்க, கிளினிக்ல கேட்டுட்டு மாத்துறோம். எக்கோ வரைக்கும் கொழுந்துக்கு போகலாமா? வால்வு பழுதுன்னா ஒப்பரேஷன் தானா?

நர்ஸ் அக்கா:
ஒப்பரேஷன் தான்னு இப்பவே பயப்படாதீங்க. மைட்ரல் சுருக்கம்னா சிலருக்கு தொடைல இருக்குற ரத்தக் குழாய் வழியா பலூன் விட்டு விரிக்கிறாங்க, நெஞ்ச கிழிக்கிறதில்ல, சிலருக்கு மாத்திரையோட கட்டுப்பாட்டுல வைக்கலாம், எக்கோ பாத்து தான் சொல்ல முடியும். அரச ஆஸ்பத்திரில காசு இல்லாம செய்வாங்க, கண்டி தேசிய ஆஸ்பத்திரில இதய பிரிவு இருக்கு, உங்க கிளினிக்ல கேட்டா அங்க அனுப்புற துண்டு தருவாங்க. ஏத்தத்துல கூடை தூக்கிக்கிட்டு ஏறுற வேலை மட்டும் இப்போதைக்கு வேணாம், மூச்சு வாங்காத அளவுக்கு சமதரைல நடக்கலாம். கிளினிக் டொக்டர்கிட்ட லேசான வேலை குடுக்க சொல்லி கடிதம் ஒன்னு வாங்கி தோட்டத்து டிஸ்பென்சரில காட்டுங்க. எக்கோ திகதி ரொம்ப தள்ளி போட்டா, ராவைக்கு நேரா படுக்க முடியலன்னு கிளினிக்ல திரும்ப போய் சொல்லுங்க, அந்த ஒரு விஷயத்துக்காகவே திகதிய முன்னுக்கு எடுக்க கேக்கலாம்.