வாசிப்பு வகுப்புக்கு வந்த 16,000 வெள்ளி

பிள்ளைகளுக்கான தமிழ் வாசிப்பு வகுப்புக்கு மானியம் கிடைத்திருக்கிறது, அதை எப்படிப் பிரித்துச் செலவிடுவது என்று சென்ற வாரம் ஒரு சகோதரி கேட்டிருந்தார். 2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் எங்கள் குடியிருப்புப் பேட்டையில் இத்தகைய வகுப்பு ஒன்றுக்கு நான் பொருளாளராக இருந்தேன். தொடக்கநிலை 1 முதல் 3 வரை படிக்கும் 24 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள், அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வசிப்போர் குழுவின் அறை, சனிக்கிழமைகளில் 36 வகுப்புகள். மானியம் 16,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

முதலில் நான் எழுதிய திட்டத்தில் புத்தகங்களுக்கும் அச்சுப்பணிக்கும் 5,000 வெள்ளி முதல் வரியில் இருந்தது. ஆசிரியர் ஊதியம் அதற்குக் கீழே, மணிக்கு 30 வெள்ளி வீதம் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு, மொத்தம் 8,640 வெள்ளி. பிள்ளைகளின் சிற்றுண்டிக்குத் தலைக்கு ஒன்றரை வெள்ளி வீதம் 1,296. மீதி 1,064 வெள்ளி கைச்செலவுக்குப் போதும் என்று நினைத்தேன். வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதுதான், நேரத்தையும் இடத்தையும் கற்பிக்கும் முறையையும் நாங்களே முடிவு செய்வதால் இந்த ஆசிரியர்கள் எங்கள் ஊழியர்கள் ஆகிறார்கள் என்பது உறைத்தது. மாத ஊதியம் 50 வெள்ளியைத் தாண்டினாலே ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு முதலாளி பங்கு செலுத்த வேண்டும். 500 வெள்ளி வரை ஊழியரிடமிருந்து எதுவும் பிடிப்பதில்லை. 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலாளியின் பங்கு 17 விழுக்காடு. எங்கள் கணக்கில் அது ஏறக்குறைய 1,469 வெள்ளி. அதோடு, ஊழியர் பயிற்சிக்காக முதலாளி கட்டும் திறன் மேம்பாட்டுத் தீர்வை ஆளுக்கு மாதம் 2 வெள்ளி. மீதம் என்று நான் வைத்திருந்த தொகை இதற்கே போதவில்லை.

புத்தகத்தில் 1,500 வெள்ளியைக் குறைத்தோம். அதனால் வகுப்பு கெட்டுவிடவில்லை. நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய தமிழ்க் கதைப் புத்தகங்களே பாதி ஆண்டுக்கு எங்களைத் தாங்கின. (அச்சகத்தின் விலைப்புள்ளியில் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரிக்குப் பதிவு செய்யாத எங்களைப் போன்ற குழுவால் அதைத் திரும்பப் பெற முடியாது.)

எங்களை நெடுநேரம் விவாதிக்க வைத்தது வேறொரு கேள்வி. மானியம் தந்தவர்கள் அதே தொகைக்கு 40 பிள்ளைகளைச் சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள். 24 பேர் என்றால் தலைக்கு ஏறத்தாழ 667 வெள்ளி, 40 பேர் என்றால் 400 வெள்ளி; தாளில் இரண்டாவது கணக்கே அழகாக இருக்கும். ஆனால் ஓர் ஆசிரியருக்கு ஆறு பிள்ளைகள் இருந்தால், வகுப்பில் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் வாய்விட்டு வாசிக்கக் கேட்கலாம். பத்துப் பிள்ளைகள் என்றால் அது ஆறு நிமிடமாகிவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பை ஒரு தொடக்கநிலை 2 மாணவியிடம் கண்டேன். அவள் வீட்டில் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். "மீனா பள்ளிக்குச் சென்றாள்" என்ற வரியை விரல் வைத்து, "மீனா பல்லிக்குச் சென்றாள்" என்று வாசித்தாள். ஆசிரியை திருத்தவில்லை, ஒரு தாளில் பல்லியையும் பள்ளிக்கூடத்தையும் வரைந்து, மீனா எங்கே போனாள் என்று மட்டும் கேட்டார். பிள்ளை கொஞ்ச நேரம் இரண்டு படத்தையும் பார்த்தாள், சிரித்தாள், பிறகு நாக்கை மடித்து 'ள்' என்று தானே மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு வரியை மறுபடி வாசித்தாள். எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது அந்தப் 'பல்லி' யார் காதிலும் விழுந்திருக்காது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள், ஐந்தும் அதற்கு மேலும் வயதுடைய சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர்தான். வாரத்துக்குப் பத்து நிமிடமாவது ஒரு பெரியவர் பக்கத்திலிருந்து கேட்பது நம் பிள்ளைகளில் பலருக்கு இத்தகைய வகுப்பில் மட்டுமே கிடைக்கிறது. இதை எழுதி அனுப்பி, 24 பேரே இருக்கட்டும் என்று உறுதியாகச் சொன்னோம். மானியம் தந்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

நான் செய்த பெரிய தவறு தவணையில்தான். மானியத்தில் 20 விழுக்காடு, அதாவது 3,200 வெள்ளி, இறுதி அறிக்கையும் கணக்கும் ஏற்கப்பட்ட பிறகே வரும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அதைப் படித்தும் மாதவாரியாகக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நவம்பரில் கையிருப்புத் தீர்ந்து, அந்த மாத ஊதியத்துக்கு நான்கு ஆசிரியர்களும் ஐந்து வாரம் காத்திருந்தார்கள். ஊதியக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் தரவேண்டும் என்பது சட்டம். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. செயற்குழுவினர் கைமாற்றாகத் தந்த பணத்தில்தான் அதைக் கொடுத்து முடித்தோம்.

கடைகளில் தரும் வழவழப்பான ரசீதுகள் சில மாதங்களில் வெளுத்துப்போகும். தணிக்கைக்கு எடுத்தபோது சிற்றுண்டி ரசீதுகள் பல வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் ஆசிரியர் நேரத்தை முதல் வரியில் எழுதினோம், பாடம் தயாரிக்க வாரம் அரை மணி நேரத்தையும் சேர்த்து. சகோதரி, உங்கள் மானியம் எத்தனை தவணை, கடைசித் தவணை எப்போது என்று எழுதுங்கள். மாதவாரி அட்டவணையைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.