முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய போட்டோ: புஸ் மாத்தா, லெபர்ட் மாத்தா?

வளவு (காரைக்குடி):
வணக்கம். ஞாயிறுதோறும் நாங்கள் ஆறு பேர் பழைய விமானப் படங்களை வைத்து விளையாடுவோம். ஒருவர் படத்தில் கைவைப்பார்: பதிவெண்ணை அழிப்பார், நாலு எஞ்சினில் இரண்டைத் தூக்கிவிடுவார். மற்றவர்கள் விமானத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். போன வாரம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு போட்டோ கிடைத்தது. தேக்குச் சட்டம், 600 ரூபாய். கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஓர் ஓவியர் இதில் கைவைத்திருக்கிறார்.

சட்டையும் வேட்டியுமாக இரண்டு பேர். பின்னால் விமானம், மூக்கு நமக்கு வலப்பக்கம். வானத்துக்கு நீலம் பூசி, வாலை மறைத்துத் தென்னை மரம் வரைந்து, பதிவெழுத்து இருக்க வேண்டிய இடத்தைப் பழுப்பு வண்ணத்தால் மூடியிருக்கிறார். முகங்களில் அவ்வளவு பொறுமை, மீசை முடி ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

கேபினுக்கு மேலே ஒற்றை இறக்கை, ஒடுங்கிய நீள மூக்கு, இறக்கையைத் தாங்கும் வி வடிவக் கம்பிகள். நான் புஸ் மாத் என்கிறேன், டி ஹாவிலண்ட் கம்பெனியின் பழைய சிறு விமானம். அம்மான் மகன் அதே கம்பெனியின் லெபர்ட் மாத் என்று பிடிவாதமாக நிற்கிறான். எப்படி முடிவு கட்டுவது?

ஓடுதளம்:
தம்பி, சக்கரக் காலைப் பாருங்கள். ஓவியர் முகத்துக்கும் வானத்துக்கும்தான் மெனக்கெட்டிருப்பார், காலைத் தொட்டிருக்க மாட்டார். புஸ் மாத்தில் அதிர்ச்சி தாங்கும் கால் சக்கரத்திலிருந்து நேராக மேலேறி இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குப் போகும். அதன் மேலுள்ள தகட்டுறையைத் திருப்பினால் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும், அதனால் பட்டையாகத் தெரியும். 1933இல் வந்த லெபர்ட் மாத்தில் அந்தக் கால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரில் போய் முடியும்.

புஸ் மாத் நம் பக்கம் வந்த விமானம்தான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்ததும் அதில்தான். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் சென்னைக்கு ஓட்டிவந்தார். ஆனால் இது செட்டிநாட்டு ஓடுதளத்தில் எடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது இரண்டாம் உலகப் போரின்போது போட்டது.

கண்டாங்கி:
அண்ணே சொன்னது சரி. அதோடு, படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்கள் நிறைய. சட்டைப்பை நெஞ்சின் இடப்பக்கம் இருக்கும், அதாவது பார்க்கிற நமக்கு வலப்பக்கம். மாறியிருந்தால் படம் திரும்பியது. புரொப்பல்லரும் சொல்லும். இந்த விமானங்களில் உள்ள ஜிப்சி எஞ்சின், எதிரே நின்று பார்த்தால், கடிகார முள் போலச் சுற்றும். மேலே நிற்கும் அலகின் தடித்த விளிம்பு நமக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் நான் படத்தைத் திருப்பிப் போடும்போதெல்லாம் இதை வைத்தே பிடித்துவிடுவார்கள்.

ஓடுதளம்:
ஈரத்துணி மட்டும் போட்டுவிடாதீர்கள், வண்ணம் போய்விடும். பின்பலகையைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள்.

வளவு (காரைக்குடி):
அண்ணே, நேற்று ராத்திரி பட்டாலையில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். கால் இறக்கை வரை ஏறுகிறது, புஸ் மாத்தேதான். அம்மான் மகனும் ஒத்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் சட்டைப்பை நமக்கு இடப்பக்கம். அலகின் தடித்த விளிம்பும் இடப்பக்கம்.

அப்புறம் டார்ச். பழுப்புக்குள்ளிருந்து மூன்று எழுத்து மேலே வந்தது. மூக்குப் பக்கம் வி (V), அதை அடுத்து டி (T), அப்புறம் ஏ (A). வி டி என்றால் இந்தியாவில் பதிவான விமானம். மூன்றுமே கண்ணாடியில் பார்த்தாலும் மாறாத ஆங்கில எழுத்துகள், வரிசைதான் பின்னிருந்து முன்னாக ஓடுகிறது. கடைசி இரண்டு தென்னை மரத்துக்குள் இருக்கின்றன. அங்கே வண்ணம் தடிப்பு. பெரிய டார்ச் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்க்கிறோம்.