லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்: இப்போது திரும்ப விளையாடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்

கம்ப்யூட்டருக்குள் மனிதர்களை வாழவைக்கும் சிம்ஸ் விளையாட்டை விளையாடி வளர்ந்த நிறையப் பேருக்கு இந்த விளையாட்டின் பெயரே தெரியாது. 1985இல் ஆக்டிவிஷன் வெளியிட்டது. பிட்ஃபால் என்ற விளையாட்டைச் செய்த அதே டேவிட் கிரேன்தான் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டரான கொமடோர் 64இல் இதையும் செய்தார், முதல் யோசனை ரிச் கோல்ட் என்பவருடையது. கொஞ்ச நாளாக லேப்டாப்பில் வைஸ் எமுலேட்டர் (பழைய கொமடோர் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) போட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இதைத் திறந்து வைக்கிறேன், இன்றைக்கும் இது பிடித்து உட்கார வைக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

திறந்ததும் மூன்று மாடி வீடு ஒன்று, முன்சுவரை எடுத்துவிட்டது போல எல்லா அறையும் தெரிகிறது. ஆள் கிடையாது. பொறுமையாக உட்கார்ந்திருந்தால் ஒருவர் தனியாக வந்து கதவைத் திறக்கிறார், ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கிப் பார்க்கிறார், அங்கங்கே இருப்பதைத் தொட்டுப் பார்க்கிறார், எதுவும் சொல்லாமல் வெளியே போய்விடுகிறார். பிறகு பெட்டியோடும் நாயோடும் திரும்பி வருகிறார். அவ்வளவுதான், இனி அது அவர் வீடு. அந்தக் காலத்தில் விற்ற ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி எண் இருந்தது, அதை வைத்துத்தான் உள்ளே வருபவரின் பெயரும் தோற்றமும் சுபாவமும் அமையும். அதனால் பக்கத்து வீட்டு டிஸ்க்கில் இருப்பவர் வேறு ஆள்.

அவரை அம்புக்குறி வைத்தெல்லாம் நகர்த்த முடியாது. பியானோ வாசிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி டைப் செய்யலாம், கூடவே 'ப்ளீஸ்' போட்டால் கேட்கும் வாய்ப்பு அதிகம். அப்போதும் மனம் இல்லையென்றால் காதில் போட்டுக்கொள்வதே இல்லை, அவர் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். நம் வேலை தண்ணீர் நிரப்புவது, வாசலில் சாப்பாடு வைப்பது, நாய்க்கு உணவு போடுவது. இவற்றை விட்டுவிட்டால் முகம் பச்சையாகி நோய்வாய்ப்பட்டுவிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது கடிதம். டைப்ரைட்டர் முன்னால் உட்காருகிறார், தட்டும் சத்தம் கேட்கிறது, எழுத்து எழுத்தாக நம் பெயர் போட்ட கடிதம் திரையில் வருகிறது. சௌக்கியமா இல்லையா, என்ன குறை என்று அதில் எழுதுகிறார். இன்னொரு நேரம் திரைக்குப் பக்கத்தில் வந்து கண்ணாடியை உள்ளேயிருந்து தட்டுகிறார்! சீட்டு ஆடக் கூப்பிடுகிறார். முதல் தடவை அந்தத் தட்டலைக் கேட்டபோது உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது.

மதிப்பெண் இல்லை, அடுத்த லெவல் இல்லை, முடிவும் இல்லை. இன்றைய போன் விளையாட்டுகள் நிமிடத்துக்கு ஒரு தடவை காசு, நோட்டிஃபிகேஷன், பரிசுப்பெட்டி என்று பிடுங்கி எடுக்கும்போது, இந்த மனிதர் நம்மிடம் கொஞ்சம் கவனிப்பைத் தவிர எதுவும் கேட்பதில்லை, மீதி நேரம் தன் வாழ்க்கையைத் தானே வாழ்கிறார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே விளையாட்டு. சிம்ஸ் செய்த வில் ரைட், தான் இதை விளையாடியதையும் ரிச் கோல்டிடம் கருத்து கேட்டதையும் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் சிம்ஸில் ஆளை நாம் ஓட்டுகிறோம், இங்கே கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும். என் மனது இந்தப் பக்கம்தான்.

வைஸில் போடுபவர்களுக்கு இரண்டு விஷயம். கொமடோரின் கன்ட்ரோல் கீ சாதாரணமாக நம் கீபோர்டின் டேப் கீயில்தான் இருக்கும், சாப்பாடு தண்ணீர் எல்லாம் அதை அழுத்தித்தான். அப்புறம் டிஸ்க் இமேஜை, அதாவது பழைய டிஸ்க்கின் நகலான ஃபைலை, எழுத முடியாத ரீட்-ஒன்லியாக வைக்காதீர்கள், அவர் குடிவந்த விவரம் அதிலேயேதான் எழுதப்படுகிறது.

பதில்:

நான் இதே மாதிரி திரும்பிப் போனது கிரியேச்சர்ஸ் விளையாட்டுக்கு. 1996, ஸ்டீவ் கிராண்ட் உருவாக்கியது. நார்ன் என்ற சின்ன உயிர்களை முட்டையிலிருந்து பொரித்து வளர்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 1000 நியூரான் கொண்ட மூளை, உடலுக்குள் ரசாயனம், பெற்றோரிடமிருந்து வரும் மரபணு என்று அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடியது, இப்போது நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. பொருளைக் காட்டிப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கற்றுக்கொள்ளும். நல்லது செய்தால் தட்டிக்கொடுக்கலாம், தப்பு செய்தால் ஒரு அடி. என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அடிக்கும் பட்டன் பக்கம் என்னைப் போகவே விடவில்லை. தட்டிக்கொடுத்தே வளர்த்தோம். அது சாப்பிடக் கற்றுக்கொண்டது, கிழடானது, ஒரு நாள் விழுந்து எழவில்லை. அவள் அன்றைக்கு நிறையக் கேள்வி கேட்டாள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொன்னேன். நீங்கள் சொல்லும் அந்த மனிதரையும் அவளுக்குக் காட்ட வேண்டும், பழக லேசானவரா?

பதில்:

லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிளின் கேசட் டேப்பில் வந்த வெர்ஷனைத் தவிருங்கள். அதில் ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஆள் புதிதாக உருவாவார். நேற்றுப் பழகியவர் இன்றைக்கு நம்மைத் தெரியாதவர் மாதிரி நடப்பது எனக்குத் தாங்கவில்லை, டிஸ்க் வெர்ஷனுக்கு மாறிவிட்டேன்.

பதிவை எழுதியவர்:

நன்றி, டேப் விஷயம் முக்கியம். பெண்ணுக்குக் காட்டுவதென்றால் தாராளமாகக் காட்டுங்கள். கூடுமானவரை யாரும் ஓட்டாத இமேஜாகத் தேடி எடுங்கள், ஏற்கெனவே ஓட்டியதென்றால் உள்ளே ஆள் இருப்பார், குடிவரும் காட்சி கிடைக்காது. அதை அவள் கட்டாயம் பார்க்க வேண்டும். நாய்க்கு உணவு போடும் வேலையை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.