டிராப்: பொறி இல்லைங்க, படிக்கட்டு

> 'தக்காணப் பொறி'னு ஏற்கனவே புழக்கத்துல இருக்கே, அதையே வச்சுக்கலாமே

வேணாம்ங்க ஐயா. 'டெக்கான் டிராப்ஸ்'ங்கற தக்காணத்து எரிமலைப்பாறை அடுக்குக்குத்தானே தமிழ்ப்பேர் தேடறோம், அதுல வர்ற டிராப்புக்கும் எலிப்பொறிக்கும் சம்பந்தமே கிடையாது, ஸ்வீடிஷ்ல படிக்கட்டை 'டிராப்பா'ம்பாங்க, அதுல இருந்து வந்த பேர் இது. போன ஆடியில மகாராஷ்டிராவுல கர்ஜத்துல இருந்து லோனாவாலாவுக்கு ரயில் மலையேறும்போது ஜன்னல்ல பாத்துக்கிட்டே போனேன், செங்குத்தா ஒரு கருப்புச் சுவர், அது மேல புல்லு முளைச்ச திண்ணை, மறுபடி சுவர், மறுபடி திண்ணைனு அப்படியே தெப்பக்குளத்துப் படி மாதிரி இருந்துச்சு.

அப்படிப் படிப்படியா இருக்கறதுக்குக் காரணம் இதுதான். சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி நிலத்துல இருந்த பிளவு வழியா பசால்ட்ங்கற கருப்பு எரிமலைப்பாறையோட குழம்பு பொங்கிப் பொங்கி ஒன்னு மேல ஒன்னா பரவி ஆறிடுச்சு, மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் 2 கிலோமீட்டருக்கு மேலயே கனம் இருக்கு. ஒவ்வொரு குழம்பு ஓட்டத்துலயும் நடுப்பாகம் மெதுவா ஆறுனதால இறுகிக் கெட்டியாயிடும், மேல்பாகத்துல வாயு குமிழ் விட்டு ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா நிக்கும், மழை வெயில்ல அது சீக்கிரம் உதிர்ந்து திண்ணை ஆகுது, கெட்டிப்பாகம் சுவரா நிக்குது.

டிராப்புக்கு 'படிப்பாறை'னு வச்சா சின்னதா அழகா இருக்கு, எனக்கும் ஆசைதான். ஆனா வண்டல் படிஞ்சு உண்டாகறதுக்கு 'படிவுப்பாறை'னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்தாச்சு, ரெண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, பரீட்சையில புள்ளைங்க கண்டிப்பா குழம்பிடும், குழம்பு ஆறி உண்டான இந்தத் தீப்பாறையைப் போயி அந்தப் பக்கம் சேத்துடும்.

அதனால 'தக்காணப் படிக்கட்டு'னே வைக்கலாம்னு தோணுது. சைபீரியாவுல 25 கோடி வருஷப் பழசு ஒன்னு இருக்கே, அதுவும் 'சைபீரியப் படிக்கட்டு' ஆயிடும். நீளம்தான், ஆனா யாருக்கும் விளக்கமே தேவைப்படாது. ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல படிஞ்ச அடுக்கை இன்டர்டிராப்பியன்ம்பாங்க, அதுக்கு 'படியிடை அடுக்கு' போதும், ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல குளம் உண்டாகி நத்தையெல்லாம் வாழ்ந்து அதோட ஓடு கல்லாயிருக்கு, அவ்வளவு நாள் இடைவெளி விட்டிருக்கு, 'இடை'ங்கற சொல்லு அதைச் சரியாப் புடிக்குது.

பசால்ட்ங்கற சொல்லை அப்படியே விட்டுடுவோம். எனக்கு இடிக்கறது ரெட் போல்தான். ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல செங்கல் நிறத்துல தெரியுற பழைய மண்ணு, 'செம்பட்டை'னு எழுதினா தலைமுடிதான் ஞாபகம் வருது. கிணறு வெட்டறவங்க இந்த மாதிரி செவப்பு வரிக்கு ஏதாவது சொல்லு வச்சிருந்தா சொல்லுங்களேன்.