மூன்று மாதமாக வீசிங் இல்லை, பஃப்பை நிறுத்தலாமா?

தென்காசி அப்பா:
மகளுக்கு ஏழு வயது. வீசிங்குக்கு (இளைப்பு) ஒரு வருடமாகக் காலையும் இரவும் ஸ்டீராய்டு பஃப். மூன்று மாதமாக இருமலே இல்லை. "வயசுக்கு வந்தா தானா போயிரும், பச்சப்பிள்ளைக்கு ஏன் ஸ்டீராய்டு?" என்கிறார் என் அம்மா. டாக்டரைப் பார்க்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

முன்னாள் இளைப்பாளி:
நிறுத்துங்கள் சார். சின்ன வயதில் ராத்திரி தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவேன். பதினான்கு வயதில் தானாக நின்றது. ஒரு பஃப்பும் இழுத்ததில்லை. இப்போது வாரம் மூன்று நாள் ஷட்டில் ஆடுகிறேன்.

ஸ்பேசர் அம்மா:
உங்களுக்குப் போனது சந்தோஷம். நியூசிலாந்தின் டுனிடினில் 1972-73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து, 2003இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 613 பேரில் வீசிங் வந்து விட்டுப்போனவர்கள் 15 சதவீதம். விட்டதுபோல் இருந்து 26 வயதுக்குள் திரும்பியவர்கள் 12 சதவீதத்துக்கு மேல். விடாமலே தொடர்ந்தவர்கள் 14.5. இந்தக் குழந்தை எந்தக் கூட்டம் என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? அது இருக்கட்டும், ஷட்டில் பையில், மூச்சு இழுத்தால் உடனே எடுக்கும் நீலப் பஃப் இருக்கிறதா?

முன்னாள் இளைப்பாளி:
இருக்கிறது. பனிக்காலத்துக்கு மட்டும். அது வேறு.
பஃப் இழுத்தால் நோய் போய்விடுமா, அதைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் 285 பேரில் ஒரு பாதிக்கு இரண்டு வருடம் ஸ்டீராய்டும் மறுபாதிக்கு மருந்தில்லாத பஃப்பும் கொடுத்தார்கள். 2006இல் முடிவு வந்தது. மூன்றாம் வருடம் நிறுத்தியதும் இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டது. உயரம் வேறு குறையும்.

ஸ்பேசர் அம்மா:
முதல் இரண்டு வருடத்தை ஏன் விட்டீர்கள்? மருந்து எடுத்த குழந்தைகளுக்கு இளைப்பில்லாத நாட்கள் கூடின. நோயின் போக்கை மாற்றாது, ஒப்புக்கொள்கிறேன். எடுக்கும்வரை அடக்கிவைக்கும். உயரமும் உண்மைதான்: 1,041 குழந்தைகளை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டு பஃப் எடுத்தவர்கள் வளர்ந்தபின் சராசரியாக 1.2 செ.மீ. குட்டை. அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் குறைவு.

என் பையனுக்கு நாங்களாகவே நிறுத்தினோம். ஐந்தாவது வாரம் சளி பிடித்தது. இரவு இரண்டு மணிக்கு விலா இடுக்கெல்லாம் உள்ளே இழுக்கிறது, "தண்ணி" என்ற ஒரு சொல்லை இரண்டு மூச்சில் சொல்கிறான். அந்த 1.2 செ.மீ.க்கு அன்று நான் கவலைப்படவில்லை.

மருந்துக்கடை:
நிறுத்து, தொடர் என்று இரண்டே வழியா? மூன்று மாதம் அடங்கியிருந்தால் டாக்டர் டோஸைக் குறைத்துப் பார்ப்பார். சளிக்காலத்திலோ வெளியூர் கிளம்பும்போதோ குறைக்க மாட்டார். அண்ணா, பாப்பா ஸ்பேசரில்தானே, அதாவது பஃப்பில் மாட்டும் பிளாஸ்டிக் குழாயில்தானே, இழுக்கிறாள்?

தென்காசி அப்பா:
ஸ்பேசர்தான். கழுவி, துணியால் உள்ளே நன்றாகத் துடைத்து வைப்போம்.

மருந்துக்கடை:
துடைக்காதீர்கள்! பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தானாகக் காயவிடுங்கள்.

முன்னாள் இளைப்பாளி:
ஒரு வருடம் பாதி மருந்து சுவருக்குத்தான் போயிருக்கிறது. அப்படியும் நன்றாக இருக்கிறாள் என்றால் நான் சொன்னதுதானே சரி?

தென்காசி அப்பா:
அதையும் டாக்டரிடமே கேட்கிறேன். வியாழக்கிழமைக்கு டோக்கன் மாற்றிவிட்டேன். அதுவரை பஃப் உண்டு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.